மானுக்கு ஒன்பது நாள், ஸ்கோப்புக்கு ஒரு பொட்டு

நான் வேலை பார்க்கும் பாலாடைக்கட்டி ஆலையில் விடுப்பு விதிகளை அச்சடித்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பெற்றோர் இறந்தால் மூன்று நாள். மாமனார், மாமியார் இறந்தால் ஒரு நாள். தன் கல்யாணமென்றால் சொந்த விடுப்பில்தான் போக வேண்டும். அந்தத் தாளில் எங்கும் எழுதப்படாத, ஆனால் விஸ்கான்சின் மாநிலமே கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிற விடுப்பு ஒன்று உண்டு. நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கு ஒன்பது நாள். பொதி கட்டும் பிரிவில் ஒருவருடைய மாமனார் சரியாக அந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தார். வேட்டை முடிந்த பிறகுதான் அடக்கம் நடந்தது. செத்தவரும் வேட்டைக்காரர், வருத்தப்பட மாட்டார் என்றார்கள். நம்மூரில் பங்காளி வீட்டுச் சாவுக்குப் பதினாறு நாள் எண்ணெய் தேய்க்காமல் இருந்த நான், தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

ஏழு வருஷம் அந்த ஒன்பது நாளும் ஆலையைக் காத்தவன் நான்தான். மொத்தப் பேரும் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். கண்மாய்க்கரையில் மண் குதிரைகளோடு நிற்கும் அய்யனார்போல நான் பால் தொட்டிகளுக்கு நடுவே நிற்பேன். அய்யனாருக்காவது வருஷத்துக்கு ஒரு பொங்கல் உண்டு. எனக்கு வேட்டை முடிந்து வந்து அவர்கள் காட்டும் போட்டோக்கள்தான் உண்டு. வேலையில் சிரித்துப் பேசுவார்கள், என் மனைவி செய்யும் சமோசாவுக்கு அடித்துக்கொள்வார்கள், ராமநாதன் என்ற பெயர் வாயில் நுழையாமல் ‘ரே’ என்று சுருக்கியும் கூப்பிடுவார்கள். ஆனால் வேட்டைக்கு வா என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. எனக்கு மானின்மேல் ஒரு பகையும் இல்லை. அவர்களுடைய வேட்டைக் கூடாரத்தில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். இதை வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். கிரீன் கார்டு கிடைத்த அன்றுகூட நான் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டதாகத் தோன்றவில்லை.

எட்டாம் வருஷம் என் மேற்பார்வையாளர் டேல் கேட்டுவிட்டார். “ஒரு இடம் காலியா இருக்கு, ரே. எங்கப்பா துப்பாக்கி சும்மாத்தான் கிடக்கு. பாதுகாப்பு வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்துக்கோ. ஸ்கோப் மட்டும் நீ வாங்கிக்கோ.” ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் பொருத்துகிற சின்னத் தொலைநோக்கி. நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் இருக்கும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் மான் இருந்தால் சுட வேண்டும். இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன். அப்பாவித்தனத்துக்கும் ஒரு லைசென்ஸ் வைத்திருந்தால் அதையும் எடுத்திருப்பேன்.

நம்மூரில் ஒரு மோட்டார் வாங்க அறந்தாங்கிக்குப் போனாலும் நாலு பேர் கூட வருவார்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கும் மோட்டாரைப் பற்றித் தெரியாது. அந்த வழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று நானும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். என் மனைவி செல்வியின் தம்பி கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன். போகிற வழியெல்லாம் வீடியோ பார்த்தே சகலத்திலும் நிபுணனானவன். “மச்சான், ஜூம் எம்புட்டுக்கு எம்புட்டு இருக்கோ அம்புட்டுக்கு நல்லது. செல்போனுக்கும் அதேதான்” என்றான். ஆவுடையார்கோவிலில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் முத்து, “மானையாடா சுடப் போற? இங்கிட்டு பன்னி நெல்லைப் பூராம் உழுதுட்டுப் போகுது, அதைச் சுட ஆளில்லை” என்று போட்டுவிட்டுக் காணாமல் போனார். செல்வி பட்ஜெட்டை அறிவித்தாள். வெட்கிரைண்டர் விலைக்கு மேல் ஒரு காசு போகக்கூடாது. கிரைண்டராவது மாவு தரும் என்றாள்.

கடைக்குப் போனேன். வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் இருந்தார். எங்கே சுடப் போகிறாய் என்று கேட்டார். டேலின் காடு என்றேன். உடனே குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு சாதாரணக் கருப்பு ஸ்கோப்பை எடுத்து வைத்தார். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுவது. “அந்தக் காட்டில் மரம் அடர்த்தி. நூறு கஜத்துக்கு மேல் எதுவும் தெரியாது. மூணு-ஒன்பது போதும். கண்ணைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். மழை, பனி உள்ளே போகாது. இதற்கு மேல் செலவு செய்யாதே” என்றார். மேல்தட்டில் இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்புகள் மினுமினுவென்று நின்றன. அதைக் காட்டுங்கள் என்றேன். “அது வெட்டவெளியில் இலக்குப் பலகையைச் சுடுகிறவர்களுக்கு. உனக்கு வேண்டாம்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் என் அப்பாவின் வேட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே கீழ்த்தட்டு வேட்டியை எடுத்துப் போட்ட விற்பனையாளர் நினைவுக்கு வந்தார். கடைக்காரன் மலிவானதைக் காட்டினால் நம்மை மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்த அர்த்தத்தோடு வளர்ந்தவன் நான். அப்பா அன்று வீம்புக்குப் பட்டுக்கரை வேட்டி வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு போக ஒரு கல்யாணமும் வரவில்லை. நானும் அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, செல்போனில் ஆறு முதல் இருபத்துநாலு மடங்குவரை பெரிதாக்கும் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். அதே வெட்கிரைண்டர் விலைதான். கோடுகள் சிவப்பிலும் பச்சையிலும் எரியும். டார்ச் இலவசம். ஒரு மனிதன் என் வாழ்நாளிலேயே முதல்முறையாக, ‘இதற்கு மேல் செலவு செய்யாதே’ என்று எனக்கு நல்லது சொல்லியிருக்கிறான். அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இது அப்போது புரியவில்லை.

ஸ்கோப் வந்த வாரம் ஆயுத பூஜை. செல்வி கார், லேப்டாப், மிக்ஸி, பனி அள்ளும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். நான் தேங்காய் உடைக்கக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் ஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் தாராளமாக ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டாள். “என்னங்க, அதுக்கு கண்ணே அதுதானே? கண்ணுல வைக்காம முதுகுலயா வைக்கிறது?” என்று கேட்டாள். குற்றம் அவள்மேல் இல்லை. கல்லூரி விடுமுறைகளில் நான் வேலை செய்த என் தாய்மாமாவின் பம்புசெட் பட்டறையிலும் இதே கதைதான். மாமா மல்டிமீட்டரின் முகத்தில் குங்குமத்தை அப்பிவிடுவார். அடுத்த பல மாதங்களுக்கு ஊரின் வோல்டேஜ் எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. துடைத்தால் சாமிக்குற்றம். மோட்டார் எரிந்தால் மட்டும் அது மின்வாரியத்தின் குற்றம்.

நான் துடைத்தேன். சாமியைவிட டேலுக்குப் பயந்தேன். காய்ந்த சந்தனத்தைப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் மெத்தென்ற பக்கத்தால் தேய்த்தால், லென்ஸின் மேல்பூச்சும் சேர்ந்து வரும் என்பது எனக்குத் தெரியாது. உலகமே லேசான மஞ்சள் மூட்டத்தில் தெரிந்தது. மார்கழி விடியற்காலையில் ஆவுடையார்கோவில் தெரு இப்படித்தான் இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

சுடுதளத்தில் டேல் ஸ்கோப்பைத் தன் அப்பாவின் துப்பாக்கியில் பொருத்தினார். ஒருமுறை உள்ளே பார்த்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார். என்னிடம் கொடுத்தார். இருபத்துநாலு மடங்கில் வைத்தேன். காசு கொடுத்து வாங்கியதை முழுதாகப் பயன்படுத்த வேண்டாமா? ஆனால் அந்த மலிவுச் சரக்கில் கண்ணை இரண்டு விரற்கடைக்கு ஒட்டி வைத்தால்தான் எதுவும் தெரிந்தது. ஒட்டி வைத்தேன். விசையை அழுத்தினேன். துப்பாக்கி பின்னால் உதைத்தது, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேலே பிறை வடிவத்தில் வெட்டியது. ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொப்பியைத் தூக்கித் தங்கள் நெற்றியிலிருந்த பிறைத் தழும்பைக் காட்டினார்கள். டேலுக்கு இரண்டு இருந்தன. வலி ஒரு பக்கம் இருக்க, எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஏழு வருஷச் சமோசா செய்யாததை ஒரு வெட்டுக்காயம் செய்துவிட்டது என்று நம்பினேன்.

ரத்தத்தைத் துடைத்த டேல், லென்ஸ் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்து அது என்ன என்றார். வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் கருவிகளுக்கு மரியாதை செய்வோம், அவை எங்களைக் காக்கும் என்றேன். டேல் சிரிக்கவில்லை. “பலிக்குமா?” என்று கேட்டார். என் மாமா பட்டறையில் முப்பது வருஷமாக ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றேன். மாமாவுக்கே இடது கையில் நாலு விரல்தான். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. என் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் அதை நம்பினார் என்றால், அவர் எவ்வளவு பெரிய பக்தர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்கிற இவர்களுடைய வேட்டைக் கூடாரத்தில், இருபது வருஷம் துவைக்காத அதிர்ஷ்டத் தொப்பி ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதன் வாசனையை முகர்ந்துதான் மான்கள் செத்து விழுகின்றன என்று நினைக்கிறேன்.

வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து துப்பாக்கிகளை மேசையில் வரிசையாக வைத்தார்கள். செல்வி எவர்சில்வர் டப்பாவில் குழைத்துக் கொடுத்த சந்தனத்தை எடுத்து, இந்த முறை லென்ஸைத் தொடாமல், குழாயின்மேல் ஒவ்வொரு பொட்டாக வைத்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மறுநாள் விடிந்ததும் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தேன். எனக்கும் நாற்காலி கிடைத்துவிட்டது. ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் டேல் தன் கையாலேயே ‘ரே’ என்று பெரிதாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் மான் வந்தது. நாற்பது அடிதான் இருக்கும். ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தேன். மயிர் தெரிந்தது. பழுப்பு மயிர், மஞ்சள் மூட்டத்தில், பாய் விரித்ததுபோல. இடப்பக்கம் நகர்த்தினேன், மயிர். வலப்பக்கம் நகர்த்தினேன், மயிர். இருபத்துநாலு மடங்கைக் குறைக்கலாம் என்ற யோசனை எனக்கு வருவதற்குள் மான் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. சற்று நேரத்தில் அடுத்த பரணிலிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. டேலின் ஸ்கோப் மூணு-ஒன்பது. கீழ்த்தட்டுச் சரக்கு.

அந்த வருஷம் என்னைத் தவிர நான்கு பேருக்கும் மான் விழுந்தது. அப்படி நடந்ததே இல்லையாம். எல்லாப் புகழும் சந்தனத்துக்குப் போனது. டேலின் மானுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். வெள்ளைத்தாளில் சுற்றிய மான்கறியைத் தட்சணையாக என் கையில் கொடுத்தார்கள். அது கார்த்திகை மாதம், நான் மாலை போட்டிருந்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மான் கிடைக்காமல் போனது ஐயப்பன் செய்த உபகாரம் என்று செல்வி சொன்னாள். மாலை போட்டவன் பரணில் ஏன் ஏறினான் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மானல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் அக்டோபரிலிருந்தே காத்திருந்தேன். மூணு-ஒன்பது ஸ்கோப்பை அந்தப் பெரியவரிடமே போய் வாங்கி வைத்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அது இன்னும் வலித்தது. நவம்பரில் டேல் என் மேசைக்கு வந்தார். “ரே, வெள்ளிக்கிழமை அந்த மஞ்சளோட வந்துடு. ஏழு துப்பாக்கி, ரெண்டு மரமறுக்கிற ரம்பம். பரண்ல என் மச்சினன் உட்காருவான், அதனால நீ சிரமப்பட வேண்டாம்” என்றார். அவர் முகத்தில் துளிக் கெட்ட எண்ணமும் இல்லை. எனக்கு மரியாதை செய்வதாகவே நினைத்தார். கல்யாண வீட்டில் ஐயருக்குப் பெண் பார்த்துக் கொடுப்பதில்லையே! வெள்ளிக்கிழமை போய் ஏழு துப்பாக்கிக்கும் பொட்டு வைத்தேன். சனிக்கிழமை காலையில் ஆலைக்குப் போய்ப் பால் தொட்டிகளுக்கு நடுவே நின்றேன். அழுகை வந்தது. பாலுக்கு நடுவே நிற்பதால் அல்ல, சந்தனத்தை நான் நன்றாகவே குழைத்திருந்தேன் என்பதால்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆரஞ்சுச் சட்டையை அண்ணனுக்குக் கொண்டுபோனேன். கனமான துணி, பனிக்கு நல்லது. டேலின் மானோடு நான் நின்ற படத்தை அண்ணன் ஊரில் தொடங்கி மீமிசல் வரைக்கும் அனுப்பியிருந்தார். டீக்கடையில் என்னை நிம்மதியாக உட்கார விடவில்லை. “அமெரிக்காவுல மான் சுட்ட ஆளு இவுகதான். நெத்தியில பாருங்க, மான் கொம்பு கிழிச்ச தழும்பு” என்றார் ஒருவர். நான் மறுக்க வாயைத் திறந்தேன். அண்ணன் என் தோளை அழுத்தினார். “சும்மா இருடா. நீ வந்து வரப்புல நின்னாலே போதும்னு சொல்லி வச்சிருக்கேன். பன்னி அங்கிட்டே ஓடிரும்.”

மறுநாள் காலையில் வயலுக்குப் போனோம். அறுப்புக்கு நின்ற நெல்லுக்கு நடுவே அண்ணன் ஒரு பொம்மை நட்டிருந்தார். நான் கொண்டுவந்த சட்டையை அதற்குப் போட்டு, கையை விரித்து நிறுத்தியிருந்தார். வெயிலில் பளீரென்று இருந்தது, டேல் எழுதிய பெயர் வரப்பிலிருந்தே தெரிந்தது. “ஒன்னைய மாதிரியே இருக்குல்ல?” என்றார் அண்ணன். கிட்டப் போய்ப் பார்த்தேன். அதன் காலடியில் பன்றிகள் வந்து, நிதானமாக, ஒரு சுற்று முழுக்கக் கிளறிவிட்டுப் போயிருந்தன.