விதைப் பானை

மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடையொன்றில், இறுங்குச் சோளச் சாக்குக்குள் அம்மா கைவிட்டு அளைந்தார். அந்தத் தூசி மணம் போதும், நான் மறுபடி எட்டு வயதுப் பிள்ளையானேன்.

அப்பா பொட்ஸ்வானாவில் படிப்பித்த காலம். மூன்றாம் வருடமாக மழை இல்லை. பக்கத்தில் சிறு நிலம் செய்த நேயோ அன்ரி, விதை இறுங்கைப் பெரிய பானையோடு எங்களிடம் கொண்டுவந்து வைத்தார். தன் வீட்டில் இருந்தால் பசிக்கிற பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்துவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

எங்கள் வீட்டில் பசி இல்லை. எனக்கு விளையாட ஆள்தான் இல்லை. தினமும் களவாக ஒரு பிடி அள்ளி எங்கள் கோழிகளுக்கு எறிந்தேன். அவை என் பின்னாலேயே ஓடிவரும். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

முதல் மழை பெய்த காலை அன்ரி மண்வெட்டியோடு வந்தார். பானையின் அடியில் தூசிதான் கிடந்தது.

“ஐயோ, எலி திண்டிட்டுது!” அம்மா தலையில் கைவைத்தார்.

அன்ரி எங்கள் கொழுத்த கோழிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மழைக்கு அவருடைய நிலம் மட்டும் விதைக்காமல் கிடந்தது.

கடையில் அம்மா சாக்கிலிருந்து கையை எடுத்துத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“பாவம் நேயோ. அந்த நாசமாப்போன எலி!”

“ஓம் அம்மா,” என்றேன். இருபது வருடமாக அதைத்தான் சொல்லிவருகிறேன்.