லிங்கநகர் வீட்டின் பிளக் பொயின்றுகள்

காலை ஆறு நாற்பது. லிங்கநகர் வீட்டின் முன்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளக் பொயின்ற். புதிதாகப் பூசிய சுவரில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தலைகீழாக இருந்தது. மேலே இருக்கவேண்டிய பெரிய ஏர்த் ஓட்டை கீழே இருந்தது. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

வீடு தம்பியுடையது. அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். கட்டட வேலையைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தான். அந்தக் காணி ஒருகாலத்தில் அக்காவின் சீதனத்துக்கென்று ஒதுக்கியது. அவருக்கு ஒரு கலியாணமும் பொருந்தி வரவில்லை; காணி கடைசியில் தம்பியின் பெயருக்குப் போனது. அக்கா அன்புவழிபுரத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் தையல் மெசின் வைத்துச் சீவிக்கிறார். வீடு முடிந்ததும் அக்கா அதில் இருக்கட்டும், முன்னறையில் மெசினைப் போடட்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். அந்தச் சொல்லை நம்பி, சுவர் எழும்பிய நாளிலிருந்து பின்னேரங்களில் வந்து சீமெந்துக்குத் தண்ணீர் அடித்தது அக்காதான்.

வயறிங் செய்தவரிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. முன்னறையில், யன்னலுக்குப் பக்கத்தில், இடுப்புயரத்தில் ஒரு பிளக் பொயின்ற் வேண்டும். அக்காவுக்கு முழங்கால் மடங்காது.

வயறிங்காரர் கிண்ணியாவிலிருந்து வருபவர். அன்று வந்ததும் கேட்டேன். அவர் போனை எடுத்துத் தம்பி அனுப்பியிருந்த குரல்பதிவைப் போட்டுக் காட்டினார்.

"கனடாவில எல்லா வீட்டிலயும் பதிவா, நிலத்துக்குக் கிட்டத்தான் இருக்கும். ஏர்த் ஓட்டை கீழ. பாக்க ஒரு முகம் மாதிரி வடிவா இருக்கும். அப்பிடியே போடுங்கோ."

"சுவிட்சும் சேந்து திரும்பும் எண்டு சொன்னன், அண்ணன்," என்றார் வயறிங்காரர். "அவர் கேக்கல்ல. கரண்டுக்கு என்ன, தலைகீழா நிண்டாலும் வரும். ஊர்தான் சிரிக்கும், என்னையச் சொல்லி."

அவர் சிரித்தார். வேலையைத் தொடர்ந்தார்.

விசயம் சிறியதுதான். எங்கள் பிளக்கில் ஏர்த் கம்பி மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய் மற்ற ஓட்டைகளின் மூடியைத் திறக்கும். ஏர்த் மேலே இருந்தால் வயர் நேராகக் கீழே தொங்கும். தலைகீழாகப் பூட்டினால் வயர் மேல்நோக்கி வந்து, வளைந்து விழும். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் உள்ள சுவிட்ச்தான் பிரச்சினை. இங்கே எந்த வீட்டிலும் சுவிட்சின் கீழ்ப்பக்கத்தை அழுத்தினால் கரண்ட் வரும், மேல்பக்கத்தை அழுத்தினால் நிற்கும். யாரும் பார்த்து அழுத்துவதில்லை. விரல் தன்பாட்டில் போகும். தட்டைத் திருப்பிப் பூட்டினால் இதுவும் மாறிவிடும். கனடாவில் அநேகமான பிளக் பொயின்றுகளில் சுவிட்சே கிடையாது. தம்பிக்கு அது நினைவில்லை.

பின்னேரம், பத்திரிகையில் பிழை திருத்தும் என் வேலை முடிந்ததும், அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அண்ணா, நீங்கள் பேப்பரில எழுத்துப் பிழையைப் பாருங்கோ," என்றான். "வீட்டை நான் பாக்கிறன்."

அக்கா வந்து பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை குனிந்து பார்த்தார். பழகலாம் என்றார். முன்னறையில் மெசின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும் என்று வெறும் நிலத்தில் காலால் கோடு இழுத்துக் காட்டினார். வெளிச்சம் இடப்பக்கத்தால் விழவேண்டுமாம்.

பால் காய்ச்சுவதற்கு முதல்நாள், எல்லா யன்னல்களுக்கும் தானே தைத்த திரைச்சீலைகளோடு வந்தார். முன்னறையில் மேசை போட்டு அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கொஞ்சநேரம் காத்திருந்தார். அயன் ஆறிப்போயிற்று. முழங்காலைப் பிடித்தபடி குனிந்து சுவிட்சைத் தடவிப் பார்த்தார். மேல்பக்கம் அமுங்கியிருந்தது. எந்த வீட்டிலும் அதற்கு நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். கதவைப் பூட்டிக்கொண்டு, பால் பானை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் கடையில் நின்றபோது கரண்ட் வந்தது.

புகையைக் கண்ட அயல்வீட்டுக்காரர் யன்னலை உடைத்து உள்ளே போயிருக்கிறார். ஒரு திரைச்சீலை போயிற்று, மேசையின் பாதி கரியாயிற்று, சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பிடித்திருந்தது. வேறு சேதம் இல்லை. அக்கா பானையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றார். அயல்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார்.

தம்பி வீடியோவில் சுவரைப் பார்த்தான். சுவிட்ச் திரும்பியிருந்ததால் வந்த பிழை இது, யார் இருந்தாலும் நடந்திருக்கும் என்று சொன்னேன்.

"சுவிட்சில பழியைப் போடாதேங்கோ," என்றான். "அவவுக்கு வயசு போயிற்று. ஒரு சுவிட்சைப் பாத்துப் போட ஏலாத ஆளிட்ட எப்பிடி வீட்டைக் குடுக்கிறது?"

போன் என் கையில் இருந்தது. அக்கா பக்கத்தில் நின்றார். அவனுக்கும் அது தெரியும். நான் திரும்பவும் விளக்கத் தொடங்கினேன். அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

"விடு தம்பி," என்றார். "அவன் சுவிட்சைப் பற்றிக் கதைக்கேல்ல."

அடுத்தநாள் காலை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பால் காய்ச்சினோம். பால் பொங்கியபோது தம்பி கனடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். எரியாத திரைச்சீலைகளை அக்காவே கொழுவிவிட்டு, பின்னேர பஸ்ஸில் அன்புவழிபுரம் போனார். பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னாலும் மெசினை நிறுத்தாமல் கேட்டார்.

வீடு துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு வாடகைக்குப் போனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு. வந்து சில வாரங்களில், பிளக் பொயின்றுகள் எல்லாம் தலைகீழாக இருக்கின்றன, பாவிக்கக் கரைச்சலாக இருக்கிறது என்று அவர் தம்பிக்கு ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிண்ணியாவிலிருந்து வயறிங்காரர் வந்து எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினார். வாடகைக்காரரின் மனைவி கேட்டதால், முன்னறையில் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்ததை இடுப்புயரத்துக்கு ஏற்றிவிட்டுப் போனார்.