நெரவிக்காரனை எடுத்த ரோஷன் பேகம்

திருமலைராயன்பட்டினத்தில் கால்பந்து ஆடத் தெரியாதவர்கள் உண்டு, அதைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் கிடையாது. அதிலும் ரோஷன் பேகம் வாயைத் திறந்தால் ஆண்பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். மைதானத்தை ஒட்டிய வீட்டில் பிறந்து, அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்தேழு. வீட்டுக்காரர் கமாலுதீன் குவைத்தில் இருக்கிறார். இவள் வீட்டில் அரிசிமாவில் இறால் வைத்து வாடா சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். சாயங்காலச் சரக்கு போனதும் அடுப்பை அணைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது மொட்டை மாடியில் நின்று பார்த்தாள். கல்யாணமான பிறகு மதிலோரம் நின்று பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் 'பட்டினம் யுனைடெட்' ரசிகர் மன்றத்திலேயே பேரைக் கொடுத்துவிட்டாள். பொம்பளைக்கு எதுக்கு மன்றம் என்று முணுமுணுத்தவர்களிடம், "எங்க வீட்டுக் கொல்லையில விழுந்த பந்தை நான் பொறுக்கிப் போட்ட காலத்துல நீங்கள்லாம் பொறக்கவே இல்ல" என்றாள். மன்றத்துக்காரர்கள் பேரை எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் அவள் சேர்ந்ததை எல்லோரும் முழுமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

சுற்றுவட்டார ஊர்களுக்குள் வருஷத்துக்கு ஒருமுறை எழுவர் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், வெளியே எடுத்த ஆளை மறுபடியும் உள்ளே விடலாம். ஆட வருகிறவர்கள் பேர் கொடுத்து ஒருநாள் ஆடிக் காட்டுவார்கள், டீம்கள் முறை வைத்து ஆள் எடுக்கும். எடுத்த ஆளை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். பட்டினத்தில் மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டு. மூன்றாவது ஆளை ரசிகர்கள்தான் எடுப்பார்கள். மன்றத்தில் இருக்கிறவர்கள் பேரை எழுதிச் சட்டியில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அவர் சொல்லும் ஆள்தான். ஆனால் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அந்த ஆள் பைனலுக்குள் ஒரு கோல்கூடப் போடாவிட்டால், அவனை எடுத்த ரசிகர் பைனலன்று எதிராளி ரசிகர்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். பட்டினம் பைனலுக்கு வருவதே அபூர்வம் என்பதால் இந்தத் தண்டனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் ரோஷன் பேகத்தின் பேர் வந்தது. சென்ற தடவை கோல் கோலாகப் போட்ட ஒரு காரைக்கால் பையன் அப்போதும் யாரும் எடுக்காமல் மிச்சம் இருந்தான். அவனைச் சொல்லுங்க, அவனைச் சொல்லுங்க என்று பின்னாலிருந்து ஆளாளுக்குக் கிள்ளாத குறைதான். அவள் எழுந்து, "ரஞ்சித்குமார், நெரவி" என்று பேரும் ஊருமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் மைதானத்து மூலையில் பெரிய பஞ்சாயத்து.

"யாரது ரஞ்சித்குமாரு?" என்றான் ஃபயாஸ். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தவன், ரோஷனுக்குத் தூரத்துத் தம்பி முறை. "ராத்தா, அவன் அறுப்பு மிஷினோட போறவன். கபடி ஆடுறவன். பந்தைத் தொட்டே ரெண்டு வருசம்தான் ஆவுதாம்."

"ஓட்டத்தைப் பாத்தியா நீ?"

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஓடுறதுக்குப் பந்து எதுக்கு ராத்தா, ரோடு போதுமே."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஆத்ரியேன் ஒருவர்தான். பிரான்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பி வந்தவர். ஊர் அவரை முசியே என்றுதான் கூப்பிடும். மன்றத்துக்கு அவர்தான் தலைவர். பெரிய பெரிய ஆட்டங்களை ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

"அந்தப் பையன் உடம்பு நல்ல உடம்பு. நான் இல்லைங்கல. ஆனா பந்தை நிறுத்தத் தெரியல, குடுக்கத் தெரியல, கோல் போடத் தெரியல. அவனை வச்சு என்னம்மா பண்றது?"

"பந்து வச்சிருக்கிறவன் மேல பாயத் தெரியுது முசியே. அவன் பாய்ஞ்சா எதிர்ல நிக்கிறவனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் பாத்தேன்."

"பாய்ஞ்சு?"

பாய்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அவளுக்கும் விளங்காத விஷயமாக இருந்தது. ஏனென்றால் பாய்ந்த பிறகு அந்தப் பையன் திரும்பி ஓடிவந்துவிடுவான்.

ஆட்டங்கள் தொடங்கியதும் ஊரே அதைப் பார்த்தது. எதிராளி பின்வரிசையில் ஒருவன் பந்தை வாங்குவான். ரஞ்சித்குமார் எங்கிருந்தோ காற்றாய் வருவான். அந்த ஆள் பதறிப்போய்ப் பந்தைத் தாறுமாறாக உதைப்பான், இல்லாவிட்டால் காலடியிலேயே நழுவவிடுவான். அப்படியே நின்று ஒரு தட்டுத் தட்டினால் கோல். இவனோ சட்டென்று திரும்பி நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கத்துக்கு ஓடிவந்து நிற்பான். கிடக்கிற பந்தைப் பட்டினத்து முன்வரிசைக்காரன் மக்சிம் ஓடிப்போய் எடுத்துக் கோல் போடுவான். சனங்கள் மக்சிமைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். நெரவிக்காரனைப் பார்த்து, என்னடா பயந்து ஓடியாந்துட்டே என்று கேலி பேசுவார்கள்.

ரோஷன் பேகத்துக்கு இரண்டு நாள் வாடா மாவில் உப்புப் போட மறந்துபோனது. ஏன் இவன் திரும்பி ஓடுகிறான்? பயந்தவன் அந்த வேகத்தில் போகமாட்டானே. மூன்றாம் நாள் பயிற்சி முடிந்ததும் ஒரு பொட்டலம் வாடாவோடு போய் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் தம்பி, பந்து அங்கயே கெடக்கும்போது நீ ஏன் திரும்பி வந்துடுறே?"

அவன் வாடாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. "தெரியலக்கா. கிட்டப் போயி அவன் அசந்துட்டான்னு தெரிஞ்சதும் காலு தன்னால திரும்பிடுது. கபடியில தொட்டுட்டு அங்க நின்னா அமுக்கிருவாங்கள்ல."

ரோஷன் பேகம் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து வயதிலிருந்து பாடிப் போய்த் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடிவந்த கால், இங்கே மட்டும் சொன்ன பேச்சு கேட்குமா என்ன?

"கோச்சு என்ன சொல்றாரு?"

"நில்லு நில்லுங்கிறாரு. நிக்கணும்னு நெனச்சா அந்த வேகம் வர மாட்டேங்குதுக்கா."

இதை அவள் மன்றத்தில் சொன்னபோது கேலி இரண்டு மடங்கானது. ஃபயாஸ் நடுவில் எழுந்து, கபடி கபடி என்று பாடிக்கொண்டே முசியேவின் தோளைத் தொட்டுவிட்டு ஓடிவந்து காட்டினான். முசியேகூடச் சிரித்துவிட்டார். அந்த வருஷம் என்ன அதிசயமோ, பட்டினம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துப் பைனலுக்கு வந்துவிட்டது. எல்லாம் மக்சிமால் வந்த வாழ்வு என்று ஊர் பேசிக்கொண்டது. ரஞ்சித்குமார் கணக்கில் ஒரு கோலும் இல்லை.

"வழக்கப்படி நீங்க அந்தப் பக்கம்தான்" என்றார் ஆத்ரியேன். "பைனல் முடிஞ்சதும் மன்றம் கூடி முடிவு பண்ணும். என்னைக் கேட்டா அடுத்த வருசத்துக்கு அந்தப் பையனை விட்டுடலாம்."

ரோஷன் பேகத்துக்குச் சுருக்கென்றது. தான் எடுத்த ஆள் என்பதற்காக மட்டும் இல்லை. இவன் இல்லாவிட்டால் இந்த மக்சிம் எங்கே நின்று கோல் போட்டிருப்பான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்ற ஆத்திரம். பொம்பளை எடுத்த ஆள் என்பதால்தான் கேட்கவில்லையோ என்றும் தோன்றியது. கோபத்தில் வார்த்தை வந்துவிட்டது.

"அவனை விட்டுட்டா என் பேரையும் மன்றத்துலேருந்து எடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்து, ஏன் வாயைக் கொடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மன்றம் இல்லாவிட்டால் மறுபடியும் மதிலோரம்தான். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பைனலில் எதிராளி 'அரசலாறு பாய்ஸ்'. மைதானத்தின் மேற்குப் பக்கம் அவர்களுடையது. ரோஷன் பேகம் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தெரியாத வீட்டு விருந்துக்கு வந்தவளாக உட்கார்ந்தாள். தன் ஆட்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று கத்துவது காற்றில் அரைகுறையாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் பாலகுரு, அரசலாறு மன்றத்துச் செயலாளர். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அந்த மனுஷன் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"டேய், வர்றான் பாரு. வெளிய அடிச்சுரு, வச்சுக்காத, வெளிய அடி."

ரோஷன் பேகம் திரும்பிப் பார்த்தாள். "யாரைச் சொல்றீங்க, மக்சிமையா?"

"மக்சிமை எவன் சட்டை பண்றான், அவனை ஒருத்தனை விட்டுப் புடிச்சுக்கலாம். அந்த நெரவிக்காரனைச் சொல்றேங்க. ஒரு வாரமா எங்க பயலுவளுக்கு அவன் பேச்சுதான். கிட்ட வந்தா என்ன பண்றதுன்னே தெரியலங்கிறானுவ."

"அவன் ஒரு கோல்கூடப் போடலையேங்க."

"போடாம இருக்கும்போதே இந்தக் கதின்னா."

ரோஷன் பேகம் நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை நாள் மண்டையைக் குடைந்த விஷயம், எதிராளி வாயிலிருந்து பட்டவர்த்தனமாக வந்து விழுகிறது. சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் பந்தைப் பார்த்தவர்கள் குறைச்சல். எல்லோர் கண்ணும் ரஞ்சித்குமார் மேல்தான் இருந்தது.

எதிர்ப்பக்கத்திலோ வேறு கதை. ரஞ்சித்குமார் இரண்டு தடவை பாய்ந்துவிட்டுத் திரும்பி ஓட, பட்டினத்து ஆட்கள் பொறுமை இழந்து, மாத்து மாத்து என்று கத்தத் தொடங்கினார்கள். கோச்சும் ஊர்க்காரர்தானே, எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள்வார். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கும்போது பையனை வெளியே உட்கார வைத்துவிட்டார்.

மேற்குப் பக்கத்தில் கைதட்டல் எழும்பியது. தங்கள் ஆள் கோல் போட்டால் தட்டுகிற மாதிரியே தட்டினார்கள். அரசலாறு பையன்கள் பின்வரிசையில் நிதானமாகப் பந்தை உருட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோலும் போட்டுவிட்டார்கள்.

ரோஷன் பேகம் போனை எடுத்து ஆத்ரியேனுக்கு அடித்தாள்.

"அந்தப் பக்கம் உக்காந்து எங்களுக்கு யோசனை சொல்லக்கூடாதும்மா. வழக்கம் தெரியும்ல" என்றார் அவர்.

"நான் ஒண்ணும் சொல்லல முசியே. சும்மா கேளுங்க" என்று போனைப் பாலகுரு பக்கம் நீட்டிப் பிடித்தாள். பிறகு அவரிடம், "ஏங்க, இப்ப உங்க ஆளுங்க நல்லா ஆடுறாங்க போல இருக்கே" என்றாள்.

"ஆடாம என்ன பண்ணுவானுவ" என்றார் பாலகுரு வாயெல்லாம் பல்லாக. "அந்தக் கபடிக்காரனை அவங்களே வெளிய எடுத்துட்டாங்கள்ல. எந்தப் புண்ணியவான் சொல்லி எடுத்தாங்களோ, அவருக்கு ஒரு மாலை போடணும். அவன் உள்ள இருந்திருந்தா நாங்க இந்நேரம் நாலு வாங்கியிருப்போம்."

போனில் "சரிம்மா" என்று ஒரு வார்த்தை வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஆத்ரியேன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கோச்சைத் தேடி ஓடுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

ரஞ்சித்குமார் உள்ளே வந்தான். பாலகுரு தலையில் கைவைத்துக்கொண்டார். வந்த கொஞ்ச நேரத்தில் அவன் பாய்ந்த பாய்ச்சலில் அரசலாறு பின்காவலன் பந்தைக் கோல்கீப்பருக்குத் தள்ளப் பார்த்துத் தவறவிட்டான். பையன் திரும்பித் தன் பக்கம் ஓட, மக்சிம் பந்தை உள்ளே தட்டினான். ஆளுக்கு ஒரு கோல். ரோஷன் பேகம் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். மேற்குப் பக்கமே திரும்பி அவளைப் பார்த்தது.

"நீங்க பட்டினமா?" என்றார் பாலகுரு.

"ஆமாங்க. அவனை டீமுக்கு எடுத்தது நான்தான்."

பாலகுரு அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருசத்துக்கு அவனை விட்டுடப் போறதாக் கேள்விப்பட்டேன். நெசமா? நெசம்னா எங்க முதல் ஆளு அவன்தான்" என்றார்.

அதே நிலையில் ஆட்டம் முடிந்து பெனால்டிக்குப் போனது. ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆத்ரியேன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். பாலகுரு கடைசியாகச் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"அவனை விடலங்க" என்றார் பாலகுருவிடம். பிறகு ரோஷன் பேகத்தைப் பார்த்து, "நல்லவேளை நீங்க இங்க இருந்தீங்க. இனிமே ஒவ்வொரு பைனலுக்கும் நம்ம ஆளு ஒருத்தர் இந்தப் பக்கம் உக்காரணும். நீங்களே உக்காந்தா தேவலை" என்றார்.

பாராட்டுத்தான், அவளுக்குத் தெரிகிறது. ஆனால் இத்தனை வருஷம் தள்ளி நின்று பார்த்தவளை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறாரே.

"நான் மாட்டேன் முசியே. ஆளைத் தப்பா எடைபோட்டது நான் இல்ல, நீங்க. வழக்கம்னா வழக்கம்தான். நீங்க உக்காருங்க."

"நியாயம்தான்" என்று ஆத்ரியேன் சொல்லிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பாலகுரு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ரோஷன் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுற்றிப் போக நேரமில்லாமல், மைதானத்துக்கு நடுவிலேயே நடந்து தன் பக்கத்துக்குப் போனாள். ஃபயாஸ் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தான். பட்டினம் பெனால்டியில் தோற்றது. அவள் தன் ஆட்களுக்கு நடுவே நின்று ஓவென்று அழுதாள். அவளைச் சுற்றி நின்ற அத்தனை ஆண்பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தார்கள்.