சவுரியம்மாளின் சாப்பாட்டுப் பை

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் சவுரியம்மாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தெரியாதவர்கள் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து டவுன் பஸ் திரும்பி உள்ளே நுழையும்போதே அந்தப் பை ஜன்னல் வழியாகப் பறந்துபோய் ஒரு சீட்டில் விழுந்துவிடும். பை விழுந்த இடம் பைக்காரிக்குச் சொந்தம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் இதை மீறியவன் அந்த ஊரில் நிம்மதியாகப் பயணம் போனதில்லை.

சவுரியம்மாளுக்கு ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் போனால் சாயங்காலம் வரை நின்றபடிதான். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கம்பெனிக்குப் போகிற அந்தப் பயணத்தில்தான் அவள் கொஞ்சம் உட்காருவாள். அதற்காக யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவாள். போட்டிருக்கிறாள், பெரும்பாலும் வாட்ச்மேன் வேதாசலத்தோடு. அவர் துண்டு போட்டு சீட் பிடிப்பவர். துண்டு காற்றில் விரிந்து தயங்கும். பை தயங்காது.

அப்படி இருக்கையில்தான் அந்த ரூட்டில் புது ஏ.சி. பஸ் விட்டார்கள்.

சவுரியம்மாள் வழக்கம்போல ஓடினாள், குறி பார்த்தாள், வீசினாள். ஜன்னல் என்று அவள் நம்பியது திறக்கவே திறக்காத கண்ணாடி. பை மோதி, டப்பா திறந்து, கத்திரிக்காய்க் குழம்பு கண்ணாடி முழுக்க வழிந்தது. பதறிய டிரைவர் வைப்பரைப் போட்டார். அது முன்பக்கத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்தது.

"யம்மா, இனிமே ஜன்னலு தொறக்காது. கியூல வாங்க," என்றார் கண்டக்டர்.

கியூ என்பது ரேஷன் கடைக்கு உரியது என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்திருந்தார்கள். அன்று அவள் நின்றுகொண்டே போனாள், மதியம் பட்டினி வேறு. வேதாசலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுதான் முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

அன்று மாலையே, கூட வேலை செய்யும் ஜஹீதாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஸ்டாண்டுக்கு எதுக்குடி போவணும்? ஸ்டேஷன் ஸ்டாப்பிங்ல பஸ்ஸு காலியாத்தான் வருது. அங்கயே ஏறிக்கலாம். யாராண்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேங்க்கா."

ஜஹீதா யாரிடமும் சொல்லவில்லை, கம்பெனியில் தன் லைனில் வேலை செய்தவர்களைத் தவிர. மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் பாதி ஆம்பூர் நின்றது. கூட்டத்தைக் கண்ட டிரைவர் ஏதோ மறியல் என்று மிரண்டு, நிறுத்தாமலே போய்விட்டார். எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள்.

சவுரியம்மாள் மூச்சு வாங்க வந்து ஏறியபோது பஸ் நிரம்பியிருந்தது. ஸ்டாண்டிலேயே காத்திருந்து ஒற்றை ஆளாக ஏறிய வேதாசலம் முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய துண்டு விரிந்திருந்தது.

"அது யாருக்குண்ணே?"

"உனக்குத்தாம்மா, உக்காரு. போட்டிக்கு நீ இல்லாம சீட்டு புடிச்சா பேஜாரா கீது."

சவுரியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இன்னொருவர் பிடித்து வைத்த சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்த பிறகுதான் ஜஹீதா கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

வேதாசலம் டிக்கெட் வாங்க எழுந்தார். வாங்கிக்கொண்டு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் சீட்டில் சாப்பாட்டுப் பை இருந்தது.

"இன்னாம்மா, இது நியாயமா?"

"பை வுழுந்துட்ச்சிண்ணே," என்றாள் சவுரியம்மாள். துண்டை அழகாக மடித்து அவர் தோளில் போட்டுவிட்டு, "ஜஹீதா, வந்து உக்காருடி," என்று கூப்பிட்டாள்.