செலோடேப் போட்டு ஒட்டிய பெயர்

கோலாலம்பூரில் இரண்டு நாள் பயிற்சி முடித்து, அஜைல் என்ற புது நிர்வாக ஞானத்தோடு மலையேறி வந்தேன். எங்கள் தேயிலை ஆலையில் கணக்கெழுதி ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கிராணி நான். இனி எல்லாரும் தினமும் காலையில் நின்றுகொண்டே கூடிப் பேச வேண்டும் என்று அறிவித்தேன்.

"இத்தனை வருஷமா பெரட்டுல பேர் கூப்பிடறப்ப படுத்துக்கிட்டா இருந்தோம், கிராணி?" என்றார் தூள் சலிக்கும் சரோஜா அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

"இங்கே யாரும் பயப்படாமல் குறை சொல்லலாம்" என்று உறுதி கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அக்காதான் வாய் திறந்தார்.

"இலை வாடறதுக்குள்ள மெஷின்ல போடச் சொல்றாங்க. தூள் கெட்டுப் போவுது லா."

பூரித்துப்போய் ஒட்டும் மஞ்சள் சீட்டில் எழுதினேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது பயிற்சி விதி. அவர் பெயரையும் எழுதினேன். பனி ஈரத்தில் சீட்டுகள் கூட்டப் பலகையிலிருந்து உதிர்ந்துவிடும். இதற்கு மட்டும் செலோடேப் போட்டேன்.

அவசரப்படுத்தியது எங்கள் மேலாளர் துரையின் உத்தரவு. அவர் சீட்டைப் படித்தார்.

"இந்த அம்மாவ களை வெட்ட மலைக்கு அனுப்பு."

முட்டிவலியால்தான் அக்கா மலை வேலையை விட்டு ஆலைக்குள் வந்தவர் என்பது எனக்குத் தெரியும். "சரிங்க துரை" என்றேன்.

மறுநாள் அக்கா மலையேறுமுன் பலகையைப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கீங்க கிராணி. விழவே இல்ல லா."

கூட்டம் இன்றும் நடக்கிறது. குறை உண்டா என்று கேட்டால், "ஒன்னுமில்ல கிராணி" என்கிறார்கள். அக்காவைத் திரும்ப ஆலைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் அவ்வப்போது துரையின் அறைக்குப் போகிறேன். "என்ன கிராணி?" என்கிறார். நானும் "ஒன்னுமில்ல துரை" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.