கோட்டுக்கு இந்தப் பக்கம்

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசக்கூடாது என்று எங்கோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நானும் பல வருடம் அந்தச் சட்டத்தை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தேன். அண்ணிக்குச் சிரிப்புச் சத்தம் அதிகம், சமையலில் உப்புக் குறைச்சல், யார் எது சொன்னாலும் நம்பிவிடுவாள் என்று என்னிடம் குறைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவள் கட்சி. என் கூடப் பிறந்தவன் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சொல்லும்போது காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது விறைப்பாக வெளியே வரும்போது இன்னும் இருவர் வாங்கி மடிப்பார்கள். அண்ணி கொடுக்கிற பக்கம். அதனால் அவள் இடது மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். கடைசியில் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. டாக்டர் அதிகம் நிற்காதீர்கள் என்றார். நிற்பதற்குத்தான் சம்பளமே கொடுக்கிறார்கள் என்று அவரிடம் யார் சொல்வது? அங்கேயே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் பெண்தான், தண்ணீரில் இறங்கி நீந்துங்கள், காலுக்கு நல்லது என்று அண்ணியைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

அண்ணன் சாவி வெட்டுகிறவன். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரு பீரோவை நிமிர்த்தி வைத்தால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு கடை. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு மெஷின், சுவர் முழுக்கத் தொங்கும் வெற்றுச் சாவிகள். அவன் தலை நிமிர்ந்து யாரையும் பார்க்க மாட்டான். நீட்டிய கையைப் பார்ப்பான், கையில் இருக்கும் சாவியைப் பார்ப்பான், குனிந்துகொள்வான். ஒருமுறை எங்கள் சித்தப்பாவே சாவி வெட்ட வந்து எதிரில் நின்றிருக்கிறார். யாரோ என்று நினைத்து, "அரை மணி கழிச்சு வாங்க" என்றிருக்கிறான். சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான், இது சித்தப்பா வீட்டுப் பின்கதவாயிற்றே என்று நிமிர்ந்தான். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வீடே சிரிக்கும். போன் நம்பரைக் கடை ஷட்டரில் எழுதி வைத்திருப்பதால் அவனுடைய போன்கூட வீட்டுக்கு வராது, கடையிலேயேதான் தூங்கும். மெஷின் ஓடும்போது அடித்தால் எடுக்கவும் மாட்டான்.

அவனுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. "இவ எதையும் முழுசா முடிக்க மாட்டா." சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அண்ணியைக் காட்டி இதைச் சொல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. உண்மைதான், அவள் டைப்பிங் வகுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றாள், மகள் பிறந்தாள். தையல் வகுப்பைப் பாதியில் விட்டாள், எங்கள் அப்பா படுத்த படுக்கையானார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள், காரே இல்லாத வீட்டுக்கு டிரைவர் எதற்கு என்று அவனே நிறுத்திவிட்டான். ஆனால் இந்தக் காரணங்களை எல்லாம் அவன் சேர்த்துச் சொல்வதில்லை. அண்ணியும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள், அந்தப் பெரிய சிரிப்பு.

நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தது. முதலில் பல நாள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். அப்புறம் ஒருநாள் எதிர்க்கரை வரை போய்த் தொட்டுவிட்டாள். அன்றைக்கு ஈரத் தலையோடு கடைக்கே போய் அண்ணனிடம் சொன்னாள். அவன் ஒரு பூட்டைக் குடைந்துகொண்டே "ம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து பார்க்கலாம், ஒருதரம் வாருங்கள் என்று கூப்பிட்டாள். அடுத்த வாரம் என்றான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

இதற்கிடையில் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஊழியர்களில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பினாள். ஏரியில் நீச்சல், கரையேறிய உடனே சைக்கிள், அதிலிருந்து இறங்கிய உடனே ஓட்டம். டிரையத்லான் என்று பெயர். புதியவர்களுக்குத் தூரம் குறைவு. கேட்டதும் அண்ணி, "மூணையும் ஒரே நாள்லயா? நான் என்ன மனுஷியா, சலவை மெஷினா?" என்றாள். ஆனால் பெயர் கொடுத்துவிட்டாள். வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோகிறவரின் பழைய சைக்கிளை இரவல் வாங்கினாள். அதன் முன்னால் ஒரு இரும்புக் கூடை, துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. பூட்டு, திருகாணி என்று வாழ்நாளைக் கழித்த என் அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடிந்ததும் அவள் லொடலொடவென்று அந்தக் கூடையோடு தெருவைச் சுற்றுவாள். நானே ஜன்னல் வழியாக, காய்கறிக்காரி வந்துவிட்டாள் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

போட்டிக்கு முந்தின நாள் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எதிரில் அண்ணி வந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட நான் பெருசா எதுவும் கேட்டதில்ல. நாளைக்குக் கடைசிக் கோட்டை நான் தாண்டுறப்போ நீங்க அங்க நிக்கணும். நான் ஒண்ணை முடிக்கிறதை உங்க கண்ணால பாக்கணும். அவ்வளவுதான்."

"வர்றேன். காலைல ரெண்டு பேருக்குச் சாவி குடுக்கணும். குடுத்துட்டு நேரா வந்துடறேன், போதுமா?" என்றான் அண்ணன்.

போதும் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்தாளே என்று இருந்தது.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் அவளோடு போனேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் ஏரிக்கரை மேட்டில் நின்றார்கள். நான் பின்னால் சைக்கிள்கள் வைத்திருந்த இடத்தில் அவளுடைய காலணிக்குக் காவல். பெண்கள் எல்லாருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி, காதுவரை இழுத்துவிட்டுப் பெரிய நீச்சல் கண்ணாடியும் மாட்டிவிட்டால் அம்மாவும் மகளும்கூட ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணி கரையிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். பல் கிடுகிடுக்கச் சிரித்தாள்.

"மூழ்கலை பாத்தியா? அவர் வந்துட்டாரா?"

முடிவுக்குத்தானே வருகிறேன் என்றான், வருவான் என்றேன். அவள் தலையைக்கூடத் துவட்டாமல் கூடை சைக்கிளில் ஏறிப் போனாள். பளபளவென்று மெல்லிய சைக்கிள்களுக்கு நடுவே அந்த லொடலொட சத்தம் ரொம்ப தூரம் கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள், கை தட்டவும் செய்தார்கள். அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. பெருமையாக இருந்தது.

முடிவுக் கோடு ஏரியிலிருந்து தள்ளி, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். தரையில் ஒரு ரப்பர் விரிப்பு, மேலே பெரிய கடிகாரம். நடுப்பகலில் கடிகாரத்தை அணைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு தாண்டுகிறவர்கள் கணக்கில் இல்லை. நான் அங்கே போய் அண்ணனைத் தேடினேன், காணோம். கடைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மெஷினை ஓட விட்டிருக்கிறான், ரெண்டு பேர் நாலு பேராகியிருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன்.

அண்ணி வந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, காலை இழுத்துக்கொண்டு ஒரு வேக நடை. கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. தாராளமாக முடித்திருக்கலாம். கோட்டுக்குக் கிட்டே வந்தவள் இரண்டு பக்கமும் நின்ற கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்படியே ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டாள்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேல் நான் எட்டி, "அண்ணி, முதல்ல தாண்டுங்க. அப்புறம் அவனை நிதானமா ரெண்டு பேருமா சேர்ந்து திட்டலாம்" என்றேன்.

"வருவாரு. சொன்னாரில்ல."

"வரட்டும். நீங்க முடிச்சீங்கன்னு நான் சொல்றேன். போட்டோ எடுத்துக் காட்டுறேன்."

"நீ சொல்லி அவர் கேக்கணுமா? வேணாம். பாக்காத வரைக்கும் அவருக்கு நான் முடிக்காதவதான்."

பிசியோதெரபிஸ்ட் பெண் ஓடிவந்து கெஞ்சினாள். மைக்கில் அவளுடைய போட்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி மைதானத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்பதுதான் அவளுக்குப் பழக்கமாயிற்றே. கடிகாரம் அணைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், யாருக்கென்று தெரியவில்லை.

பிறகுதான் அண்ணன் வந்தான். கடை இருக்கும் பக்கத்திலிருந்து அல்ல, ஏரிப் பக்கத்திலிருந்து. இடுப்புவரை நனைந்து, காலில் ஒற்றைச் செருப்போடு, மூச்சு இரைக்க ஓடிவந்தான். பின்னாலேயே ஏரியின் உயிர்காப்பு ஆள் ஒருவரும் வந்தார்.

வழியெல்லாம் அண்ணன் புலம்பியதை அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அண்ணன் அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை. காலையில் சாவி கொடுக்க வேண்டும் என்றது வெறும் சாக்கு, வேண்டியவர்களுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டான். நாங்கள் கிளம்பிய கையோடு அவனும் கிளம்பி நேராக ஏரிக்கரைக்குப் போயிருக்கிறான். அவனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அவள் தண்ணீரில் இறங்குவதை நினைத்துப் பல நாள் தூக்கம் வரவில்லையாம். அதை அவளிடம் சொல்ல வெட்கம். கரையேறியதைத் தூர நின்று பார்த்துவிட்டு, முடிவுக் கோட்டில் ஒன்றும் தெரியாதவன் போல வந்து நிற்கலாம் என்று திட்டம். மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அவன் அவளைத் தேடினான். அவள் வரவில்லை. தூரம் அதிகமான போட்டிக்காரர்கள் அதே ஏரியில் அதே தொப்பியோடு சுற்றிச் சுற்றி வந்ததால் தண்ணீர் காலியாகவும் இல்லை. அடுத்தவள், அடுத்தவள் என்று நின்றிருக்கிறான். எல்லாரும் ஏறிய பிறகு, என் பெண்டாட்டி உள்ளேயே இருக்கிறாள் என்று கத்திக்கொண்டு நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் இறங்கிவிட்டான். உயிர்காப்பு ஆட்கள் பிடித்து இழுத்து, அவளுடைய எண்ணைக் கேட்டு, அவள் எப்போதோ ஏறிப் போய்விட்டாள் என்று காட்டியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அண்ணியின் முகத்தில்கூட ஒரு வெளிச்சம் வந்தது. அவனுடைய நனைந்த பேண்டைப் பார்த்தாள்.

"அப்போ என்னைப் பாத்திருப்பீங்களே. அந்த மேட்டை ஒட்டித்தானே ஓடி வந்தேன்?"

அண்ணன் தன் ஒற்றைச் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தொப்பி போட்டிருந்தாங்க எல்லாரும். கண்ணாடி வேற. கையைப் பாத்தா தெரிஞ்சிருக்கும், தழும்பு இருக்கில்ல. எல்லாரும் கையை மேல தூக்கித் தொப்பியைக் கழட்டிக்கிட்டே..."

"நான் உங்களுக்கு எதிர்லயே நின்னு கழட்டினேன். அங்க ஒருத்தர் குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொருத்தர் கையா பாத்துக்கிட்டிருந்தாரு. யாரோ பைத்தியம்னு நினைச்சு ஒதுங்கி ஓடிட்டேன். எனக்கும் கண்ணாடியெல்லாம் தண்ணி" என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவள் தண்ணீர் படிந்த கண்ணாடியோடு பார்த்தாள், அவன் வெறுங்கண்ணோடு பார்த்தான். அந்த வித்தியாசம் அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அண்ணன் தலையைச் சொறிந்தபடி, "இப்போ தாண்டு. நான் பாக்கறேன்" என்றான்.

அதற்குள் இரண்டு பேர் ரப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் வெறும் மண்தான். அண்ணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடை பாவம் தனியாக நிற்கிறது என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

போட்டி முடிவில் அவள் பெயருக்கு நேரே முடிக்கவில்லை என்று போட்டிருந்தார்கள். அண்ணன் அந்த வாய்ப்பாட்டை அதற்குப் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை. கூடையை அவனே போய்க் கழற்றிக்கொடுத்தானாம். எதற்கு இனிமேல்? அண்ணி காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாள், நீச்சல் குளத்துக்குப் போவதும் குறைந்து நின்றுபோனது. சலவைக்கூடத்தில் அதே உருளை, அதே பக்கம்.

ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்து, மறுபடியும் பெயர் கொடுக்கலாம் என்று விடாமல் கேட்டாள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "குடேன். இந்தத் தரம் நான் முதல்லேருந்து கூடவே வர்றேன்" என்றான்.

"முதல்ல அவருக்கு என் மூஞ்சி தெரியட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றாள் அண்ணி, அந்தப் பெண்ணிடம்.

அவளுக்கே உரிய சத்தமான சிரிப்போடுதான் சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான், என்றைக்கும் இல்லாமல் நேராக. அதற்குள் அவள் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.