நாற்பது நிமிட இருப்பு

நடுவிரல் முட்டியால் தகட்டில் ஒரு தட்டு. பிறகு அவர் தலையை வலப்பக்கம் சாய்த்து ஒரு கணம் நிற்பார். "ஒண்ணுதான். போ" என்று தகட்டுக்கு விடை கொடுப்பார். அடுத்தது வரும். இன்னொரு தட்டு.

கார் ஆலை. ஒரு பக்கம் அச்சு இயந்திரம் இரும்புத் தாளை அழுத்தி, கார் கதவுத் தகடுகளாக்கித் தள்ளுகிறது. மறுபக்கம் ரோபோக்கள் வெல்டிங் செய்கின்றன. நடுவே இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. தகடுகள் அதில் சற்று நேரம் தங்கிவிட்டுப் போகும். வைப்பதும் எடுப்பதும் இயந்திரக் கை. அச்சு இயந்திரம் நின்றுபோனாலும் அந்த இருப்பை வைத்து நாற்பது நிமிடம் ஓட்டலாம். யார் பதறி ஓடிவந்தாலும், "நாப்பது நிமிஷம் இருக்கு, முதல்ல தண்ணி குடிங்க" என்பார். ஆலையில் அவர் பெயரே 'நாப்பது' ஆகிவிட்டது.

எண்ணெய்ப் பசையில் சில சமயம் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒன்றென்று நினைத்து அனுப்பினால் ரோபோ திணறும், வரிசையே நிற்கும். கண்டுபிடிக்க சென்சார் உண்டு. பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அந்தப் 'பெரும்பாலும்' விட்டுவைப்பதைப் பிடிக்கத்தான் அலமாரியின் வெளிவாசலில் இவர்.

வீட்டிலும் இதே கதை. என்னிடம் மாத்திரைக்கு வந்த அவர் மனைவி சொன்னார்: "ஒரு சோப்பு பாதி கரையறதுக்குள்ள புதுசு ரெண்டு வந்துரும் சிஸ்டர். உப்பு, தீப்பெட்டி, பல்பு, எல்லாம் கட்டிலுக்கு அடியில. பெருக்க முடியலை. பொறுமைதான் இருப்பு இல்லை. அங்கதான் நாப்பது நிமிஷம், வீட்டுல நாலு நிமிஷம் தாங்காது."

நான் ஆலையின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸ். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம், படுக்கையில் கிடந்த நோயாளிகளைப் புரட்டிப் போட்ட பிறகு வந்த வேலை. ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் காது பரிசோதனை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இவர் மூன்று முறை அழுத்தினார்.

"தம்பி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

"முன்கூட்டியே அழுத்தி வெச்சேன் சிஸ்டர். கொஞ்சம் இருப்பு இருக்கட்டும்."

இருவருமே சிரிக்கவில்லை. வலது காது பாதிக்கு மேல் போயிருந்தது.

"தட்டிக் கேக்கிறவனுக்குக் காது இல்லைன்னா, மெயின் கேட்டுல காவலுக்குக் கொண்டுபோய் உக்கார வெச்சுடுவாங்க. எழுதுறது நீங்கதான்."

"பொய் எழுத மாட்டேன்."

"தெரியும். அதான் பயமே."

மறுநாள் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கே காதுமூடி கட்டாயம். அதை மாட்டியதும் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அவர் தலையிலும் அதே தடிமனான மூடிதான். தட்டினார், சாய்ந்தார், ஒட்டிய ஜோடி ஒன்றைச் சரியாக ஒதுக்கினார். சாப்பாட்டு இடைவேளையில் கேட்டேன்.

"எத்தனை வருஷமா இந்த மூடியோட தட்டுறீங்க?"

"பத்தொம்பது."

"அப்ப எந்தக் காதால கேட்டீங்க?"

விரல் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட! அப்ப தலையை எதுக்குச் சாய்ச்சேன்?"

"அதை என்னைக் கேட்டா?"

அவரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து படிவத்தை எடுத்தேன். காதின் அளவை உள்ளபடியே எழுதினேன். 'இதே வேலையில் தொடரலாமா' என்ற கட்டம் மட்டும் மிச்சம். எதிரே உட்கார்ந்திருந்தவரின் கண் என் பேனாவை விட்டு நகரவில்லை. உதடு காய்ந்திருந்தது. அடுக்கிலிருந்து காகிதக் கோப்பை ஒன்றை உருவித் தண்ணீர் ஊற்றி நீட்டினேன்.

வாங்கியவர், பேனாவைப் பார்த்தபடியே கோப்பையின் வயிற்றில் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். தலை சாயவில்லை. அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டாவது கோப்பையை உருவி, என் மேசைமேல் வைத்துவிட்டுக் குடித்தார்.